வழிகாட்டிக்குக் கூலி கொடுக்கலாமா?

(குன்னத்தூரில் நடைபெற்ற நமது முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நம் சங்கச் செயலாளர் போன் பண்ணி, "இந்த வருசம் கேரியர் கோச் பத்திப் பேசுங்க, பசங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க" என்று சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். என் தாயார், "கேரியரா? தூக்குப்போசியைப் பத்திப் பேசறதுக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டார்கள். முப்பது வருடம் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்த கைகள் அவை. அவர்களுக்குக் கேரியர் என்றால் அதுதான். நாம் பேசப் போவது வேறு கேரியர். ஆனாலும் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. இரண்டுமே சோற்றைப் பற்றியதுதானுங்களே!

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பணியாளர் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வேலை கேட்டு வருகிறவர்களை மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தே பழகியவன். அதனால் இந்த விஷயத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கோச்சுகளுக்கு நான் எதிரியும் இல்லை, ஏஜெண்டும் இல்லை.

போன மாதம் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர், பவர் டேபிள் டெய்லர். பையன் பி.காம். கடைசி வருடம். செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார்கள். நாற்பதாயிரம் ரூபாய் கட்டினால் மூன்று மாதம் கோச்சிங், "உங்கள் எதிர்காலம் எங்கள் பொறுப்பு" என்று போட்டிருக்கிறது. "ஏனுங்க சார், கட்டலாமுங்களா? அம்மணியோட வளையல அடகு வெச்சர்லாம்னு இருக்கறேன்" என்றார். அதே வாரம் நம் கல்லூரியில் படித்த ஒரு தங்கச்சி வந்தாள். ஆறு வருடமாக மெர்ச்சண்டைசிங்கில் இருக்கிறாள். வேலை நன்றாகத் தெரியும். ஆனால் அதே நாற்காலி, கிட்டத்தட்ட அதே சம்பளம். "அண்ணா, ஒரு கோச் இருக்காங்க. ஒரு தடவை உட்கார்ந்து பேச மூவாயிரம் கேக்கறாங்க. போலாமாண்ணா?" என்றாள்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியுமா? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்கப் போகிறேன்.

யார் இந்தக் கோச்?

இது இன்று நேற்று முளைத்த தொழில் அல்ல. 1908-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்த வருடமே அவர் காலமாகிவிட்டார். அவர் எழுதி வைத்த புத்தகம் மறு வருடம் வெளிவந்தது. அவர் சொன்னது மூன்றே விஷயம். முதலில் உன்னைத் தெரிந்துகொள். இரண்டாவது, வேலைகளைத் தெரிந்துகொள். எந்த வேலைக்கு என்ன வேண்டும், என்ன கிடைக்கும் என்று விசாரி. மூன்றாவது, இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாக யோசி. நூறு வருடம் தாண்டியும் எந்தக் கோச் எந்தப் பெயரில் எதைச் செய்தாலும் அடிப்படை இதுதான்.

நம் நாட்டில் 1945-ல், போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித்தர அரசாங்கம் தொடங்கியதுதான் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச். பிறகு அது எல்லோருக்கும் பொதுவானது. நம் தலைமுறை அங்கே பதிந்து வைத்துவிட்டு கார்டைப் பத்திரமாகப் பூட்டி வைத்தது. இன்று கூலி வாங்கிக்கொண்டு செய்கிற கோச் வேறு ரகம். 1995-ல் அமெரிக்காவில் சர்வதேச கோச் கூட்டமைப்பு உருவான பிறகுதான் இது ஒரு தனித் தொழிலாகப் பரவியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாக்டர் போர்டு மாட்ட மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும். வக்கீலுக்கு பார் கவுன்சில். ஆடிட்டருக்கு அவர்களுடைய இன்ஸ்டிட்யூட். கேரியர் கோச் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் அப்படி எந்த லைசென்சும் தேவையில்லை. சான்றிதழ்கள் உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. அதனால் இவர்களில் தங்கமும் இருக்கிறது, கவரிங்கும் இருக்கிறது. உரசிப் பார்க்க வேண்டிய பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

இன்னொன்று. மூன்று வகை ஆட்களை நாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். வேலை வாங்கித் தருகிறேன் என்பவர் ஏஜெண்ட். டேலி, பேட்டர்ன் மேக்கிங் என்று ஒரு கைத்தொழிலைச் சொல்லிக் கொடுப்பவர் பயிற்சியாளர். உங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, நீங்களே முடிவெடுக்க உதவுகிறவர் கோச். கோச் வேலை தரமாட்டார், தரவும் முடியாது. "கோச்சிங் கட்டணம்" வாங்கிக்கொண்டு "வேலை கேரண்டி" என்று ஒருவர் சொன்னால் அவர் கோச் இல்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவராக இருந்தால் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் மண்ணின் வேலைச் சந்தை

நம் பக்கத்தில் வேலை எப்படிக் கிடைக்கிறது? கம்பெனி கேட்டில் "சிங்கர் டெய்லர், ஓவர்லாக், செக்கிங் ஆட்கள் தேவை" என்று போர்டு தொங்கும். அதைப் பார்த்துப் போனால் அன்றைக்கே வேலை. ஆனால் படித்த பிள்ளைகள் தேடும் வேலைகள் போர்டில் தொங்குவதில்லை. மெர்ச்சண்டைசர், கியூ.சி., பேட்டர்ன் மாஸ்டர், பையிங் ஆபீஸ், எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன், கணக்குப் பிரிவு எல்லாம் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் நிரம்புகின்றன. "உங்களுக்குத் தெரிஞ்ச பையன் யாராச்சும் இருக்கறானா?" என்று ஒரு மேனேஜர் இன்னொரு மேனேஜரைக் கேட்பார். அவ்வளவுதான்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டனுக்கு அருகே நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களை விசாரித்து 1974-ல் ஒரு நூல் எழுதினார். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலமாகத்தான் வேலை அறிந்திருந்தார்கள். யார் அந்தத் தெரிந்தவர்? தினம் பார்க்கும் நெருங்கிய நண்பர் இல்லை. அப்படி நெருக்கமாகப் பழகியவர் மூலம் வேலை அறிந்தவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர், கல்லூரியில் கூடப் படித்தவர், பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்தவர் வழியாகத்தான் தகவல் வந்தது. காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதான். தூரத்து நண்பனுக்குத்தான் நமக்குத் தெரியாதது தெரியும்.

இந்த மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்கிற முகங்கள். பெருந்துறை சிப்காட்டில் இருப்பவர், அவிநாசியில் நிட்டிங் வைத்திருப்பவர், கோபியில் பேங்கில் இருப்பவர், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர். கிரானோவெட்டர் சொன்ன தூரத்து நண்பர்கள் எல்லோரும் இங்கே சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! (சிரிப்பு)

அடுத்தது, இந்தத் தொழிலின் மேடு பள்ளம். 2005 ஜனவரியில் உலக ஜவுளிக் கோட்டா முறை முடிந்தபோது திருப்பூர் ஒரு விதமாக மாறியது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது இன்னொரு விதமாக மாறியது. 2016-ல் பண மதிப்பிழப்பு, 2020-ல் கொரோனா. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் எல்லோர் வயிற்றிலும் புளி கரைந்தது. இப்படிப்பட்ட காலத்தில் "உன் மனசுல என்ன ஆசை இருக்கு?" என்று மட்டும் கேட்கிற கோச் போதாது. எந்தக் கம்பெனி எந்த நாட்டுக்குப் போடுகிறது, எந்த வேலை நிலைக்கும், எது ஆடும் என்று தெரிந்தவர் வேண்டும். அது நம்மவர்களுக்குத்தான் தெரியும்.

காசில்லாமல் கிடைப்பது

பணம் கட்டுவதற்கு முன்னால், இலவசமாக என்ன இருக்கிறது என்று பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுக்கு இன்று "மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்" என்று பெயர். திருப்பூரிலும் இருக்கிறது. பதிவு செய்ய மட்டும்தான் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து ஆலோசனை கேட்கலாம். போட்டித் தேர்வுக்குத் தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்துகிறார்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை 2015-லிருந்து இணையத்தில் இருக்கிறது. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் பாடத்தோடு சேர்ந்தே வருகின்றன. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு "கல்லூரிக் கனவு" நிகழ்ச்சி இருக்கிறது.

இலவசம் என்றால் மதிப்பில்லை என்று ஒரு எண்ணம் நமக்கு. நான் பார்த்தவரை இதில் உள்ள உண்மையான குறை வேறு. அங்கே கூட்டம் அதிகம், உங்களுக்கு என்று தனியாகக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்தத் தனி நேரத்துக்குத்தான் கோச் காசு வாங்குகிறார். அது ஒன்றும் ஏமாற்று இல்லை. அந்த நேரம் உங்களுக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஒரு காஸ்டிங் ஷீட்

நாம் திருப்பூர்க்காரர்கள். ஒரு டி-சர்ட்டுக்கு நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பைசா பைசாவாகக் காஸ்டிங் போடுகிறோம். நம் பிள்ளை வாழ்க்கைக்கு நாற்பதாயிரம் கட்டும்போது மட்டும் ஏனுங்க காஸ்டிங் போடுவதில்லை?

போட்டுப் பார்ப்போம். கட்டணம் 40,000 ரூபாய். கோச்சால் மாதம் 2,000 ரூபாய் சம்பளம் கூடக் கிடைக்கும் என்று வையுங்கள். போட்ட பணம் திரும்ப இருபது மாதம். நகைக்கடன் வட்டியைச் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். இது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி என்னவென்றால், கோச் இல்லாமலே அந்த 2,000 கிடைத்திருக்குமா? இந்த அவையில் இருக்கிற மூன்று பேரிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்றால், கோச் கூட்டிக் கொடுத்தது பூஜ்யம். கோச்சின் மதிப்பு என்பது அந்த வித்தியாசம்தான்.

சரி, எந்த மாதிரி வழிகாட்டுதல் பலன் தருகிறது? 2000-ஆம் ஆண்டில் பிரவுன், ரையன் கிரேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து ஐந்து அம்சங்களைச் சொன்னார்கள். இலக்கையும் திட்டத்தையும் கையால் எழுத வைப்பது. தேர்வு, பயிற்சி முடிவுகளைத் தனித்தனியாக உட்கார்ந்து விளக்குவது. வேலை உலகத்தைப் பற்றிய உண்மைத் தகவல் தருவது. அந்த வழியில் போய்ச் சேர்ந்தவர்களைக் கண் முன் காட்டுவது. முடிவுக்குப் பக்கபலமாக வீட்டிலும் வெளியிலும் ஆதரவு தேடிக்கொள்ளச் சொல்லித் தருவது. கட்டணம் கேட்கிற கோச்சிடம் இந்த ஐந்தில் எதெது செய்வீர்கள் என்று கேளுங்கள். நல்ல கோச் சந்தோஷமாகச் சொல்வார்.

அப்புறம் நம் தொழிலில் உள்ள ஒரு பழக்கம். சாம்பிள் அப்ரூவல் ஆகாமல் பல்க் கட்டிங் போடுவோமா? மாட்டோம். ஒரே ஒரு உட்காரல் பேசிப் பாருங்கள். முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். இந்த வாரம் இன்னாரைப் பார், இதை எழுது, இங்கே விசாரி என்று. வெறும் உற்சாகம் மட்டும் இருந்தால் அது பெருமாநல்லூர் தாண்டுவதற்குள் இறங்கிவிடும். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். பாதியில் நிறுத்தினால் என்ன திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். ரசீது வாங்குங்கள். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் ரசீது கைகொடுக்கும். அவரிடம் முன்னால் போனவர்கள் இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். "இன்றே கட்டினால் தள்ளுபடி" என்றால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இனி அந்த இரண்டு பேர்.

டெய்லரிடம் வேண்டாம் என்று சொன்னேன். பையன் இன்னும் எந்த வேலையையும் பார்த்ததில்லை. அவனுக்குத் தேவை தகவலும் நாலு பேர் அறிமுகமும். அது விலைக்கு வாங்க வேண்டிய சரக்கு இல்லை. பையனை மாவட்ட மையத்துக்கு அனுப்பினேன். ஏற்றுமதிக் கணக்குப் பிரிவில் இருக்கிற நம்மவர் ஒருவரிடம் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தேன். ஷிப்பிங் பில் என்றால் என்ன, தூத்துக்குடிக்குச் சரக்குப் போகும்போது என்னென்ன காகிதம் கூடப் போகிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தான். அவனுக்கு இன்னும் வேலை கிடைத்துவிடவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இப்போது எந்த வேலைக்கு மனுப் போடுகிறோம் என்று தெரிந்து போடுகிறான். வளையல் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

தங்கச்சியிடம் போய்ப் பார் என்றேன். ஏன்? அவளுக்குத் தகவல் இருக்கிறது, ஆட்களும் தெரியும். தன் வேலையை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. "ஏம்மா, என்ன செஞ்சுட்டிருக்கறே?" என்று கேட்டால், "பையர் மெயிலுக்குப் பதில் போடறேண்ணா" என்கிறாள். ஆறு வருடத்தில் எத்தனை ஸ்டைல், எத்தனை ஷிப்மெண்ட் தாமதம் இல்லாமல் போனது, எத்தனை கிளெய்ம் தவிர்த்தாள் என்று எதுவும் வாயில் வராது. பொம்பளப் பிள்ளை சம்பளம் கேட்டு நிற்கக்கூடாது என்று வளர்த்திருக்கிறோம் வேறு. இதை அண்ணன் நான் சொன்னால் "சரிண்ணா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். வெளியாள் உட்கார வைத்து எழுத வைத்தால் எழுதுவாள். மூவாயிரம் அவள் சம்பாத்தியம், கடன் இல்லை. இரண்டு தடவை போனாள். மூன்றாவது தடவை அந்தக் கோச் அம்மாவே, "இனி என்கிட்ட வர வேண்டாம், உங்க எம்.டி.கிட்டப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்தான் நல்ல கோச். போய்க் கேட்டாள். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. பாதி கிடைத்தது, கூடவே ஒரு பையர் அக்கவுண்டைத் தனியாகப் பார்க்கும் பொறுப்பும் கிடைத்தது.

ஆக, என் முடிவு இதுதான். தகவல் இல்லாதவர் காசு கட்ட வேண்டாம், கேட்டு வாங்கலாம். தகவல் இருந்தும் கால் நகராமல் நிற்பவர், சொந்தக் காசில், கடன் வாங்காமல், கொஞ்சமாகச் செலவழித்துப் பார்க்கலாம். வேலை போய் மனம் உடைந்து தூக்கம் கெட்டு நிற்பவருக்குக் கோச் போதாது. அவரை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

திருக்குறளில் 45-ஆவது அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். அடுத்த அதிகாரமே சிற்றினம் சேராமை. 51-ஆவது தெரிந்து தெளிதல். பெரியவர் துணை வேண்டும், ஆனால் ஆளை ஆராய்ந்து நம்பு என்று இரண்டையும் பக்கம் பக்கமாகவே வள்ளுவர் வைத்திருக்கிறார். கோச் விஷயத்துக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இங்கே இருக்கிற மாணவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துப் படிக்க வைக்கிறார். "யாரைப் போய்ப் பார்க்கணும்" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அந்த ஆள் இல்லாத இடத்தில்தான் நாற்பதாயிரம் ரூபாய் விளம்பரம் வந்து உட்காருகிறது. அந்த இடத்தில் நாம் உட்கார வேண்டாமா?

வாசலில் வரவேற்பு மேஜையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். முன்னாள் மாணவர்கள் உங்கள் பெயர், செய்கிற வேலை, மாதத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும் என்று எழுதுங்கள். நன்கொடை கேட்கவில்லை. வேலை வாங்கிக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. உங்கள் வேலை உண்மையில் எப்படி இருக்கும், அதில் நல்லது என்ன, கெட்டது என்ன என்று ஒரு பிள்ளைக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அவ்வளவே.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. "அண்ணா, எனக்கு ஒரு வேலை வேணும்" என்று வராதீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "அண்ணா, இந்த வேலையில காலைல எட்டரைக்கு உள்ள போனா என்ன செய்யணும், அஞ்சு வருசம் கழிச்சு எங்க இருப்பேன்?" என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்கு இந்த மண்டபத்தில் நூறு பேரிடம் பதில் இருக்கிறது. கட்டணம் ஒரு டீ. அதையும் நாங்களே வாங்கித் தருவோம்.

நோட்டு வாசலில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன்னால் எழுதிவிட்டுப் போங்கள். சாப்பிட்ட பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.